மூன்று ரிலே தின்ற மோட்டார் பெட்டி

கடைக்கு வந்த அந்த அம்மாவின் கையில் இரண்டு பொருள்கள் இருந்தன. ஒன்று, தண்ணீர் மோட்டாரைத் தானாக ஓட்டி நிறுத்தும் வெள்ளை பிளாஸ்டிக் பெட்டி. இன்னொன்று ஒரு மாத்திரை டப்பி. அதற்குள் நீல நிறத்தில் இரண்டு குட்டி ரிலேக்கள், அதாவது சின்னக் கரண்டைக் கொண்டு பெரிய கரண்டைப் போட்டு அணைக்கும் சுவிட்சுகள். "தம்பி, இதுல ரெண்டு ஏற்கெனவே செத்துப்போச்சு. மூணாவது உள்ள கிடந்து துடிக்குது. நாலாவது மாத்தணும்னா மாத்திக் குடுங்க. ஆனா ஏன் சாகுதுன்னு சொல்லிட்டு மாத்துங்க" என்றார்.

அந்தக் கேள்விக்குப் பதில் கண்டுபிடிக்க எனக்கு நான்கு நாள் ஆயிற்று. அதில் இரண்டு நாள் நான் தப்பான வழியில் போனது. அதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

கும்பகோணத்தில் பழைய ஓட்டு வீடு. பின்கட்டில் தரைத்தொட்டி, பக்கத்தில் 1 எச்.பி. மோட்டார், மச்சின் மேல் தண்ணீர்த் தொட்டி. மேல் தொட்டிக்குள் ஒரு மிதவை சுவிட்ச். தண்ணீர் இறங்கினால் பெட்டி மோட்டாரைப் போடும், நிரம்பினால் நிறுத்தும். முதல் ஒன்றரை வருஷம் ஒரு தொல்லையும் இல்லை. பிறகு ஒருநாள் தொட்டி நிரம்பியும் மோட்டார் நிற்கவில்லை. சுவரெல்லாம் நனைந்து, அடுத்த வீட்டுக்காரர் வந்து சொன்ன பிறகுதான் தெரிந்திருக்கிறது. அக்கம்பக்கத்து மெக்கானிக் ஒருவர் ரிலேயை மாற்றினார். ஐந்து மாதம் ஓடியது. மறுபடியும் அதே கதை, மறுபடியும் ரிலே. இப்போது மூன்றாவது ரிலே ஒட்டிக்கொள்ளவில்லை. ஆனால் சாயங்காலம் மோட்டார் போட்டால் டக், டக், டக் என்று விடாமல் அடிக்கிறதாம். பகலில் ஒழுங்காக ஓடுகிறதாம்.

கடையில்

முதலில் டப்பியில் இருந்த ரிலேக்களை எடுத்தேன். கடையில் சுகர் கியூப் ரிலே என்று கேட்டால் கொடுப்பார்களே, அந்த ஜாதி. இழுக்கும் காந்தச் சுருளான காயில் 12 வோல்ட், மோட்டார் கரண்டைச் சேர்த்துப் பிரிக்கும் உலோக முனைகளான கான்டாக்ட் 10 ஆம்பியர். காயிலை மல்டிமீட்டரில் அளந்தால் இரண்டும் 400 ஓம் பக்கம் காட்டின. அதாவது காயில் சாகவில்லை. கத்தியால் நீல மூடியைப் பிளந்து பார்த்தேன். ஒன்றில் கான்டாக்ட் இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டிப் பற்றவைத்ததுபோல் இருந்தன. கத்தி முனையால் நெம்பியபோது சின்னதாக ஒரு 'கிளிக்' சத்தத்துடன் பிரிந்தது. ஒரு பக்கம் குழி, எதிர்ப்பக்கம் அந்தக் குழிக்கு அளவெடுத்ததுபோல் ஒரு மேடு. சுற்றிலும் கரி. இன்னொன்றிலும் அதே குழி, அதே மேடு, கொஞ்சம் சின்னதாக.

இந்தக் குழியும் மேடும் வெறும் வயதால் வருவதில்லை. கான்டாக்ட் மூடும்போது ஒரு கணம் துள்ளும். அந்தத் துள்ளலில் பெரிய மின்னோட்டம் பாய்ந்தால் வெள்ளிக் கலவை உருகி ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போகும். 1 எச்.பி. மோட்டார் ஓடும்போது 6 ஆம்பியர் அளவுதான் இழுக்கும். கிளம்பும் நொடியில் அதைப்போல் நாலைந்து மடங்கு இழுக்கும். ரிலேயின் முதுகில் அச்சடித்திருக்கும் 10 ஆம்பியர் என்பது பல்பு, ஹீட்டர் போன்ற சாதுவான சுமைக்குச் சொன்னது. மோட்டாருக்கு அது பொருந்தாது. ஆகவே பெட்டியைத் தயாரித்தவர்கள் ரிலே விஷயத்தில் கஞ்சத்தனம் காட்டியிருக்கிறார்கள் என்று முதல் முடிவுக்கு வந்தேன். அது உண்மைதான். ஆனால் இதே ரிலே முதல் ஒன்றரை வருஷம் தாக்குப்பிடித்து, அப்புறம் ஏன் ஐந்து மாதத்துக்கு ஒன்று என்று சாக ஆரம்பித்தது? கஞ்சத்தனம் முதல் நாளிலிருந்தே இருந்ததுதானே.

சரி, பெட்டியைத் திறந்தேன். உள்ளே டிரான்ஸ்ஃபார்மர் கிடையாது. கரண்டைக் குறைக்க மஞ்சள் நிறத்தில் ஒரு ஃபிலிம் கபாசிட்டர், அதன்மேல் 105 என்று எழுத்து, அதாவது 1 மைக்ரோஃபாரட். பிறகு நான்கு டயோடு, 12 வோல்ட்டுக்கு மேல் ஏறவிடாத ஜீனர், கொஞ்சம் கரண்டைச் சேர்த்து வைக்கும் 470 மைக்ரோஃபாரட் எலக்ட்ரோலிட்டிக் கபாசிட்டர், அதை 5 வோல்ட்டாக்கும் 7805, பெட்டிக்கு மூளையான ஒரு சின்ன மைக்ரோகன்ட்ரோலர், ரிலேயை ஓட்ட ஒரு டிரான்சிஸ்டர். இந்த மாதிரி போர்டில் கை வைக்கும் முன் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். 12 வோல்ட்தானே என்று தொட்டால் தூக்கி எறியும். டிரான்ஸ்ஃபார்மர் இல்லாததால் முழு போர்டும் மெயின் லைனோடு நேரே ஒட்டியிருக்கிறது. பிளக்கை எப்படித் திருப்பிச் சொருகினாலும் இது மாறாது. வாங்கிய வோல்ட்டையே திருப்பித் தந்து மெயினிலிருந்து மட்டும் பிரித்து வைக்கும் ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் வழியாகத்தான் நான் இவற்றுக்குக் கரண்ட் கொடுப்பேன்.

ஜீனர் இரு முனைகளில் 12.1 வோல்ட். 7805 வெளியில் 5 வோல்ட். மோட்டாருக்குப் பதில் 100 வாட் பல்பு மாட்டி, மிதவைக் கம்பியைச் சேர்த்தேன். ரிலே டக் என்று அழகாக இழுத்தது, பல்பு எரிந்தது. இருபது முறை போட்டு அணைத்தேன். இருபது முறையும் சரி. எலக்ட்ரோலிட்டிக்கின் தலை மட்டும் லேசாக உப்பலாகத் தெரிந்தது. ஆகா, இதுதான் என்று அதைக் கழற்றி, கையில் இருந்த 1000 மைக்ரோஃபாரட்டைப் போட்டு, புது ரிலே ஒன்றும் வைத்துக் கொடுத்தனுப்பினேன்.

நான் செய்த தப்பு இங்கேதான். சப்ளையை அளந்தேன், ஆனால் ரிலே இழுத்துப் பிடித்திருக்கும்போது அளக்கவில்லை. சும்மா இருக்கும்போது 12.1 காட்டியதைப் பார்த்துத் திருப்தியாகிவிட்டேன். சும்மா உட்கார்ந்திருக்கும் ஆளைப் பார்த்து இவன் மூட்டை தூக்குவான் என்று சொல்வதுபோல.

மறுநாள் ராத்திரி ஏழு மணிக்கு போன். "தம்பி, கேளுங்க" என்று சொல்லி அந்த அம்மா போனைப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். டக், டக், டக்.

வீட்டில்

அதற்கு அடுத்த நாள் சாயங்காலம் ஆறரைக்குப் போனேன். புகார் சாயங்காலத்தைப் பற்றி என்றால் சாயங்காலம்தான் போக வேண்டும். பகலில் போய் நன்றாக ஓடுகிறதே என்று திரும்பி வருவதில் யாருக்கும் பிரயோஜனமில்லை.

மோட்டாரைப் போடச் சொல்லிவிட்டுப் பெட்டியின் எதிரே குந்தி உட்கார்ந்தேன். டக் என்று ரிலே இழுத்தது. மோட்டார் 'ம்ம்ம்' என்று முனகியது, கிளம்பும் முன்பே டக் என்று விட்டுவிட்டது. ஒரு நொடி கழித்து மறுபடி. எல்லாரும் அந்தச் சத்தத்தைத்தான் கவனிப்பார்கள், நானும் கவனித்தேன். ஆனால் ஏழாவது எட்டாவது தடவையில் கண்ணில் வேறொன்று பட்டது. பெட்டியின் முகப்பில் மூன்று எல்.இ.டி. உண்டு: கரண்ட் இருக்கிறது, மோட்டார் ஓடுகிறது, தொட்டி நிரம்பியது. ரிலே விடும் ஒவ்வொரு முறையும் மூன்றும் ஒன்றாக ஒரு மின்னல் மின்னின. பிளக்கைப் புதிதாகச் சொருகும்போது மட்டும்தான் அவை அப்படி மின்னும். கடையில் பலமுறை பார்த்திருக்கிறேன்.

அப்படியென்றால் ரிலே தன் இஷ்டத்துக்கு விடவில்லை. மைக்ரோகன்ட்ரோலர் செத்துச் செத்துப் பிழைக்கிறது. ஒவ்வொரு முறை மோட்டார் கிளம்பும்போதும் அதற்குப் போகும் கரண்ட் அறுந்து, மூளை மயங்கி விழுந்து, எழுந்து, "தொட்டி காலியாக இருக்கிறதே" என்று மறுபடி மோட்டாரைப் போடுகிறது. ரிலே பாவம், சொன்னதைச் செய்கிறது.

இனி அளக்க வேண்டிய இடம் தெளிவு. மீட்டர் கம்பிகளை முன்கூட்டியே கிளிப் போட்டு மாட்டிவிட்டுத்தான் கரண்ட் கொடுத்தேன், கையால் எதையும் பிடிக்கவில்லை. மோட்டார் கம்பியைக் கழற்றிவிட்டு ரிலேயை மட்டும் இழுக்க வைத்தால், 12 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் 8 வோல்ட்தான் நின்றது. இந்த ரகக் காயிலுக்கு 9 வோல்ட் இருந்தால்தான் நிச்சயமாக இழுக்கும். எலக்ட்ரோலிட்டிக்கில் ஏற்கெனவே சேர்ந்திருந்த 12 வோல்ட்டின் தயவில் ரிலே இழுத்துவிடுகிறது. இழுத்த பிறகு பிடித்து வைக்கக் குறைந்த வோல்ட் போதும் என்பதால் 8-லும் நிற்கிறது. மோட்டாரைச் சேர்த்துப் போட்டதும் அந்த 8 மளமளவென்று இறங்கி 6-க்கும் கீழே போனது. 7805-க்கு உள்ளே 7 வோல்ட்டாவது போக வேண்டும். போகவில்லையென்றால் வெளியே 5 கிடைக்காது, மைக்ரோகன்ட்ரோலர் படுத்துவிடும்.

பிளக்கைப் பிடுங்கி, அந்த மஞ்சள் கபாசிட்டரில் தங்கியிருப்பதை ஒரு ரெசிஸ்டர் வைத்து இறக்கிவிட்டு, ஒரு காலைக் கழற்றி அளந்தேன். மேலே எழுதியிருப்பது 1 மைக்ரோஃபாரட். மீட்டர் காட்டியது 0.52.

பாதி காணோம். கபாசிட்டர் உடையவில்லை, உப்பவில்லை, கருகவில்லை. வெளியே புதுசுபோல் மினுமினுத்தது.

இந்த வகைக் கபாசிட்டருக்குள் பிளாஸ்டிக் ஃபிலிமின் மேல் மிக மெல்லிய உலோகப் பூச்சு இருக்கும். லைனில் திடீர் மின்னழுத்தத் துள்ளல் வந்து ஃபிலிமில் எங்காவது ஓட்டை விழுந்தால், ஓட்டையைச் சுற்றியுள்ள பூச்சு ஆவியாகி அந்த இடம் தானே அடங்கிவிடும். ஷார்ட் ஆகித் தீப்பிடிக்காமல் இருக்க இது நல்ல ஏற்பாடு. ஆனால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் பரப்பு போகிறது, பரப்பு போனால் கொள்ளளவு போகிறது. ஈரக்காற்று புகுந்தாலும் பூச்சு அரிக்கும். இந்தப் பெட்டியோ கிணற்றடிச் சுவரில் மாட்டியிருந்தது. அதில் போட்டிருந்ததும் 400 வோல்ட் டி.சி. என்று அச்சடித்த சாதாரண ரகம். நாள் முழுவதும் லைனிலேயே கிடக்க வேண்டிய இடத்துக்கு ஏ.சி.க்கென்றே செய்த எக்ஸ்2 ரகம் வேண்டும்.

கொஞ்சம் கணக்குப் போட்டால் மீதி புரியும். 50 ஹெர்ட்ஸில் 1 மைக்ரோஃபாரட் ஏறக்குறைய 3200 ஓம் தடைபோல் நடந்துகொள்ளும், ஆனால் சூடாகாது. 230 வோல்ட்டில் அதன் வழியாக 60 மில்லி ஆம்பியர் அளவு இந்த போர்டுக்குக் கிடைக்கும். ரிலே காயிலுக்கு 30, மற்ற எல்லாவற்றுக்கும் 10, ஆக 40 போதும். மீதியை ஜீனர் குடித்துவிடும். இப்போது 0.52 ஆகிவிட்டதால் கிடைப்பது 32 அல்லது 33. ரிலே ஓய்வில் இருந்தால் 10 மட்டும்தான் செலவு, ஆகவே ஜீனரில் 12.1 ஜம்மென்று நிற்கும். கடையில் நான் ஏமாந்தது இப்படித்தான். அங்கே பல்பு எரிந்தபோது காயிலில் 9 வோல்ட்தான் இருந்திருக்கும். நான் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

நான் போட்ட 1000 மைக்ரோஃபாரட் என்ன செய்தது என்றால், பள்ளத்தைக் கொஞ்ச நேரம் மூடி மறைத்தது. பகலில் மோட்டார் சட்டென்று கிளம்பிவிடும், அதற்குள் எலக்ட்ரோலிட்டிக் காலியாகாது. சாயங்காலம் மோட்டார் திணறித் திணறிக் கிளம்பும், அதற்குள் காலியாகிவிடும்.

பியூஸ் கட்டை

இந்த இடத்தில் கபாசிட்டரை மாற்றிவிட்டுக் கிளம்பியிருக்கலாம். ஆனால் மோட்டார் ஏன் அவ்வளவு திணற வேண்டும் என்பது உறுத்தியது. சுமை இல்லாதபோது மோட்டார் முனையில் 212 வோல்ட். பகலில் 232 இருந்ததாக அந்த வீட்டுப் பையன் ஸ்டெபிலைசரைப் பார்த்துச் சொன்னான். சாயங்காலம் தெருவே விளக்கும் மோட்டாரும் போடும்போது 212 என்பது நம் ஊரில் புதிதல்ல. பெட்டியை ஒதுக்கிவிட்டு மோட்டாரை நேரடி சுவிட்சில் ஓட்டியபோது 198. மீட்டரில் மிகக் குறைந்த அளவைப் பிடித்துவைக்கும் வசதியைப் போட்டுப் பார்த்தால், கிளம்பும் கணத்தில் 158. இது அதிகம்.

வழியெல்லாம் அளந்துகொண்டே வந்தேன். மீட்டர் பலகையில் மோட்டார் ஓடும்போது 3 வோல்ட் இறங்குகிறது, அது லைனின் கணக்கு. பலகையிலிருந்து பின்கட்டு வரை இழுத்திருந்த 1 சதுர மில்லிமீட்டர் ஒயரில் 5 வோல்ட். மீதி 6 எங்கே? பலகையில் இருந்த பழைய பீங்கான் பியூஸ் கட்டையின் இரண்டு முனையிலும் மீட்டரை வைத்தேன். கட்டையின் மேல் முனைக்கும் கீழ் முனைக்கும் நடுவில் 6 வோல்ட். நல்ல கட்டையில் அரை வோல்ட்கூட இருக்கக்கூடாது.

6 வோல்ட், 6 ஆம்பியர். 36 வாட். என் சால்டரிங் அயர்னே 25 வாட்தான். மெயினை அணைத்துவிட்டுக் கட்டையை உருவினேன். விரலில் வைக்க முடியாத சூடு. பித்தளை நாக்குகள் நீலமும் கருப்புமாக நிறம் மாறி, வில் இறுக்கம் போய்த் தொளதொளத்தன. பீங்கான் ஒரு மூலையில் டீக்கறை நிறத்தில் வெந்திருந்தது. உள்ளே யாரோ பியூஸ் கம்பியை நாலு புரியாக முறுக்கிக் கட்டியிருந்தார்கள். அதை அந்த வீட்டுப் பெரியவர் பார்த்துவிட்டு, "அடிக்கடி போகுதேன்னு நான்தான் கட்டினேன்" என்று ஒப்புக்கொண்டார். அந்த நாலு புரியில் பியூஸ் போயிருக்கவே போகாது. வீடு போயிருக்கும்.

ஆக, கதை இப்படி ஓடியிருக்கிறது. கபாசிட்டர் மெதுவாகத் தேய்ந்தது, பியூஸ் கட்டை மெதுவாக வெந்தது. தனித்தனியாக எதுவும் பெட்டியை நிறுத்தியிருக்காது. கபாசிட்டர் முழுசாக இருந்திருந்தால் 158 வோல்ட்டிலும் 42 மில்லி ஆம்பியர் அளவு கிடைத்திருக்கும், மயிரிழையில் தப்பித்திருக்கும். இரண்டும் சேர்ந்த பிறகு மோட்டார் ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் பெட்டி மயங்கி விழுந்தது. ஒரு நாளைக்கு ஒரு முறை கிளம்பல் மின்னோட்டத்தைத் தாங்க வேண்டிய கான்டாக்ட், நொடிக்கு ஒரு முறை தாங்க வேண்டி வந்தது. பத்து நிமிஷம் அடித்தால் அறுநூறு கிளம்பல். ஒட்டிக்கொள்ளாமல் என்ன செய்யும்? ஆரம்பத்தில் இந்த அடிப்பு சில தடவையோடு நின்று மோட்டார் கிளம்பிவிட்டதால் யாரும் கவனிக்கவில்லை. அம்மாவிடம் கேட்டேன். "ஆமா, ரெண்டு மூணு தட்டு தட்டிட்டுத்தான் ஓடும், அது அப்படித்தான்னு நெனச்சேன்" என்றார்.

மாற்றியது

பியூஸ் கட்டையை எடுத்துவிட்டு, கரண்ட் மிஞ்சினால் தானே விழும் சுவிட்சான எம்.சி.பி. ஒன்றை 16 ஆம்பியரில் வைத்தேன். பின்கட்டு ஒயரை 2.5 சதுர மில்லிமீட்டராக மாற்றினேன். மறுநாள் சாயங்காலம் அதே 212-இல் மோட்டார் கிளம்பியபோது 190-க்குக் கீழே இறங்கவில்லை.

பெட்டியில் முதலில் புது 1 மைக்ரோஃபாரட் எக்ஸ்2 போட்டு ஓட்டினேன், கண்டுபிடிப்பு சரிதானா என்று பார்க்க. ரிலே இழுத்த நிலையிலும் 12 வோல்ட் அசையவில்லை. ஆனால் அதோடு விடவில்லை. மச்சின் மேல் ஏறி மிதவை சுவிட்சின் கம்பியைப் பார்த்தபோது நடுவில் ஒரு இணைப்பு, வெயிலில் வெடித்த டேப், அதற்குள் பச்சை பூத்த செம்பு. டெஸ்டரை வைத்தேன், எரிந்தது. போர்டே மெயினோடு ஒட்டியிருக்கும்போது மிதவைக் கம்பி மட்டும் எப்படிச் சாதுவாக இருக்கும்? தொட்டி கழுவ ஏறும் ஆள் அதைத்தான் ஒதுக்கிவிட்டுக் கழுவுவார். ஆகவே அந்த ஃபிலிம் கபாசிட்டர், டயோடுகள், ஜீனர் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, மொபைல் சார்ஜர் ஜாதியைச் சேர்ந்த 12 வோல்ட் 1 ஆம்பியர் எஸ்.எம்.பி.எஸ். சப்ளை ஒன்றை உள்ளே பொருத்தினேன். மெயினிலிருந்து பிரிந்த ரகம். 100 வோல்ட் வந்தாலும் 12 கொடுக்கும். போர்டின் கிரவுண்டு வேறெங்கும் நியூட்ரலோடு சேரவில்லை என்பதை மீட்டரில் பார்த்துக்கொண்டேன். மிதவைக்கு இணைப்பில்லாத ஒரே கேபிள் புதிதாக இழுத்தாயிற்று.

கடைசியாக ரிலே. "பெருசா 30 ஆம்பியர் ரிலே போட்டுடுங்களேன்" என்று பையன் கேட்டான். நியாயமான கேள்விதான். ஆனால் அந்த ரிலேயின் காயில் 80 மில்லி ஆம்பியர் பக்கம் கேட்கும். பழைய கபாசிட்டர் சப்ளை அதற்குப் போதவே போதாது. எஸ்.எம்.பி.எஸ். கொடுத்துவிடும் என்றாலும், போர்டில் இருக்கும் குட்டி டிரான்சிஸ்டரால் அதை நம்பி ஓட்ட முடியாது. ஆகவே சின்ன ரிலேயை அப்படியே விட்டுவிட்டு, அது ஒரு 230 வோல்ட் கான்டாக்டரின், அதாவது மோட்டார் தாங்கும் பெரிய ரிலேயின், காயிலை மட்டும் போடும்படி செய்தேன். மோட்டார் கரண்ட் கான்டாக்டர் வழியாகப் போகிறது. மோட்டாருக்கென்றே ஏ.சி.-3 என்று குறித்து வரும் 9 ஆம்பியர் கான்டாக்டர் 1 எச்.பி.க்குத் தாராளம். காயிலின் குறுக்கே சின்ன ரெசிஸ்டர், கபாசிட்டர் ஜோடி ஒன்று, ரிலே விடும்போது பொறி பறக்காமலிருக்க. கான்டாக்டரை முதலில் போட்டுவிட்டுப் பியூஸ் கட்டையை அப்படியே விட்டிருந்தால் அதுவும் 158 வோல்ட்டில் கிரிச்கிரிச்சென்று அடித்திருக்கக்கூடும். இந்த மாதிரிக் காயில் இழுக்கக் குறித்த வோல்ட்டில் 85 சதவீதம் வேண்டும், 75-க்குக் கீழே போனால் விட்டுவிடலாம். 230-இல் 75 சதவீதம் 172.

ஆறு மாதம் கழித்து வேறு வேலையாக அந்தப் பக்கம் போனபோது மூடியைத் திறந்து ரிலேயைப் பார்த்தேன். ஒட்டவில்லை, துடிக்கவில்லை. அம்மா மாத்திரை டப்பியை இன்னும் வைத்திருந்தார்.

இதற்கிடையில் கடையில் பழுது என்று வாங்கிப்போட்டு மூட்டை கட்டி வைத்திருந்த கன்ட்ரோலர் பெட்டிகளில் நான்கை எடுத்து அவற்றின் மஞ்சள் கபாசிட்டர்களை அளந்தேன். எல்லாவற்றிலும் ரிலே மாற்றிய தடம் இருந்தது, ஒன்றில் நானே பற்றவைத்த ஈயம். எல்லாமே 1 மைக்ரோஃபாரட் போட்டவை. மீட்டர் 0.61, 0.44, 0.58 என்று காட்டியது. நான்காவது 0.97. சப்ளை பிரமாதம். ரிலே காயிலை அளந்தேன். மீட்டர் எதுவும் காட்டவில்லை, காயில் அறுந்திருந்தது. அதில் ரிலேதான் போயிருந்தது.